உயர் குருதியமுக்கமும் அதனைத் தணிக்கும் மருந்துகளும்

தெல்தோட்டை, கலஹா, புசல்லாவை முதலிய இடங்களிலிருந்து விடியுமுன்னே பஸ் ஏறிக் கண்டி மாநகரில் வந்து இறங்குவோர் பலர். அவருள் ஒரு சாரார் சந்தைக்குச் செல்வதில்லை. தலதா மாளிகைக்கும் செல்வதில்லை. கையிலே உறையிட்ட கொப்பியொன்றையும் சோற்றுப் பொட்டலமொன்றையும் ஏந்தியவராய் நேரே வைத்தியசாலையை நாடுவர். அங்கே இலக்கம் பெற்று வாங்கிலே காத்திருந்து, கையிற் பட்டி சுற்றிக் குருதியமுக்கம் பார்த்து, ஒரு மாதத்துக்கு வேண்டிய குளிசைகளைச் சிறு சிறு கடதாசி உறைகளிற் பெற்றுக்கொண்டு, பிற்பகலில் மலையேறும் பஸ்ஸில் வீடு திரும்புவர். அரசாங்க வைத்தியசாலை தரும் அக்குளிசைகளுக்கு அவர் ஒரு சதமேனும் கொடுப்பதில்லை.

இவ்வாறு வருவோருள் ஒரு தாயை மனக்கண்ணாற் காண்க. வயது அறுபதை அணுகுகிறது. முதன்முறை அளந்தபொழுது அமுக்கம் 176க்கு 104 என நின்றது. மூன்று மாத காலம் ஒரு நாளும் தவறாது குளிசை உண்டார். நான்காம் மாதம் அளந்தபோது 128க்கு 80. அத்தாய்க்குப் பெருமகிழ்ச்சி. "பிரஷர் நல்லாப் போச்சு, இனி எதுக்கு மருந்து?" என்று அண்டை வீட்டாரிடம் கூறி, மீதியிருந்த உறைகளை அடுக்களைத் தட்டிலே போட்டுவிட்டார். தலைவலியில்லை, மயக்கமில்லை, கொழுந்துக் கூடை சுமந்த பழைய முதுகுவலியைத் தவிர வேறெந்த நோவும் இல்லை. எட்டு மாதங்கழித்து ஒரு காலைப்பொழுதிலே, தேநீர்க் கோப்பையை எடுக்கச் சென்ற வலக்கை எழவில்லை. வாயும் ஒருபுறம் கோணிற்று. பாரிசவாதம்.

இது தனியொருவர் கதையன்று. எந்தக் கிளினிக் வாங்கிலும் இதனையொத்த கதை கேட்கலாம். அந்தத் தாயை அறியாமையுடையவர் என இகழ்வது எளிது. ஆயினும் அவர் நினைத்தவாறு நினைப்பதற்கு நியாயமிருக்கிறது. காய்ச்சலுக்கு மருந்துண்டால் காய்ச்சல் போகிறது. போனபின் மருந்தை எவரும் உண்பதில்லை. பூச்சிக்கு மருந்துண்டால் பூச்சி சாகிறது. குருதியமுக்கத்துக்குக் கொடுக்கும் குளிசை மாத்திரம் ஏன் முடிவின்றித் தொடர வேண்டும்? அக்குளிசை உடலினுள்ளே சென்று உண்மையிற் செய்வது யாது என்பதை அறிந்தாலன்றி இவ்வினாவுக்கு விடை கிடைக்காது.

கண்டி நகர் மலைகளுக்கிடையே அமைந்த கிண்ணம் போன்றது. மகாவலி கங்கையின் நீரைக் கெட்டம்பேயில் எடுத்துத் தூய்மைசெய்து, பம்பிகளால் மேட்டிலுள்ள தாங்கிகளுக்கு ஏற்றியே வீடுகளுக்கு வழங்க வேண்டியிருக்கிறது. உந்தும் விசை குறைந்தால் அனிவத்தை மேட்டு வீட்டுக் குழாயில் நீர் சொட்டாது. அளவுக்கு மிஞ்சினாலோ தாழ்விடத்துக் குழாய்கள் பொருத்து விட்டு ஒழுகும். உடலிலும் அத்தகைய ஏற்பாடே உண்டு. இதயம் பம்பி. ஒருமுறை சுருங்கும்போது ஏறத்தாழ 70 மில்லிலீற்றர் குருதியை வெளியே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 70 முறை சுருங்கினால், உடலிலுள்ள ஐந்து லீற்றர் குருதி முழுவதும் ஒரு நிமிடத்தில் ஒருமுறை சுற்றி வந்துவிடும். இதயம் சுருங்கும்போது நாடிகளின் சுவரிலே ஏற்படும் அமுக்கம் மேலெண். அது தளர்ந்து ஓய்வுகொள்ளும்போது எஞ்சி நிற்பது கீழெண். இரசக் கம்பம் எத்தனை மில்லிமீற்றர் உயர்கிறது என்பதே அளவு. பலமுறை அளந்தும் 140க்கு 90 என்ற எல்லைக்குக் கீழே இறங்காதவரை உயர் குருதியமுக்கம் உடையவர் என வைத்தியர் பொதுவாகக் கொள்வர். (படிகளில் விரைந்தேறி வந்த மூச்சு அடங்குமுன் அளந்தால் எவருக்கும் கணக்குக் கூடியே காட்டும். ஐந்து நிமிடமேனும் பேசாது அமர்ந்திருந்த பின்னரே அளத்தல் வேண்டும்.)

நகரின் குழாய்களுக்கும் உடலின் குழாய்களுக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. நகரின் குழாய் இரும்பாலும் பிளாஸ்டிக்காலும் ஆனது. உடலின் குழாயோ உயிருள்ளது. பெருநாடி கிளைத்துக் கிளைத்துச் சென்று புன்னாடிகளாக ஒடுங்குமிடத்தில், அவற்றின் சுவரைச் சுற்றி மெல்லிய தசைநார்கள் வளையம்போல் அமைந்திருக்கின்றன. அத்தசை இறுகினால் வழி சிறுக்கும். தளர்ந்தால் வழி அகலும். இதன் விளைவு சிறிதன்று. பிரான்சிய வைத்தியர் புவாசேய் 1840களில் நிறுவிய விதியின்படி, குழாயொன்றின் ஆரை பாதியாகக் குறையுமாயின் ஓட்டத்துக்கு அது காட்டும் தடை இரு மடங்காவதில்லை, பதினாறு மடங்காகிறது. எனவே கோடிக்கணக்கான புன்னாடிகள் ஒவ்வொன்றும் மயிரிழையளவு இறுகினாலே போதும்; அமுக்கம் வெகுவாக ஏறிவிடும்.

மூன்றாவது பொறுப்பாளி சிறுநீரகம். ஒரு நாளில் 180 லீற்றர் அளவு நீரைக் குருதியிலிருந்து வடித்தெடுத்து, அதில் ஏறக்குறைய ஒன்றரை லீற்றரை மாத்திரம் சிறுநீராக வெளியே விட்டு, மீதி அனைத்தையும் மீண்டும் குருதிக்கே ஒப்புவிக்கும் உறுப்பு அது. நீரை மீட்பதற்கு அது கையாளும் உபாயம் உப்பு. உப்பிலுள்ள சோடியம் எங்கே செல்கிறதோ, அங்கே நீரும் பின்தொடரும். கருவாடும் ஊறுகாயும் மாசிச் சம்பலும் உணவிலே மிகுமாயின், சோடியம் மிகும். சோடியத்தைக் கரைக்க நீர் தங்கும். குழாய்களினுள்ளே கொள்ளளவு பெருகும். நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்கு மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் கூறுவதற்குக் காரணம் இதுவே. அது ஒரு தேக்கரண்டியினும் சற்றுக் குறைந்த அளவு. கறி, சம்பல், ரொட்டி, கருவாடு எல்லாவற்றிலும் உள்ளது சேர்ந்தே அவ்வளவு.

இதயம், புன்னாடி, சிறுநீரகம் என்ற இம்மூன்றையும் ஆள்பவை மூளையிலிருந்து வரும் பரிவு நரம்புகளும், குருதியோடு ஓடும் ஓமோன்களும். கழுத்து நாடியிலே அமுக்கத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அமுக்கம் தாழ்ந்தால் உடனே மூளைக்கு அறிவித்து ஏற்றும், ஏறினால் இறக்கும். அவ்வாறாயின் உயர் குருதியமுக்கம் என்னும் நோய் எவருக்கும் வராதன்றோ? இங்கேதான் உடல் தன்னைத் தானே ஏமாற்றுகிறது. அமுக்கம் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல உயருமாயின், அவ்வுணர்முனைகள் அவ்வுயர்ந்த நிலையையே இயல்பான நிலையாக ஏற்றுக்கொண்டுவிடுகின்றன. காவற்காரன் திருடனுடன் பழகிவிட்டான் எனலாம். ஆகவே நோவில்லை, அறிகுறியில்லை. உள்ளேயோ நாடிச் சுவர் தடிக்கிறது. இதயத் தசை பருக்கிறது. சிறுநீரகத்தின் வடிகள் பழுதடைகின்றன. மூளையின் நுண்ணிய குழாயொன்று என்றோ ஒருநாள் அடைபடுகிறது அல்லது வெடிக்கிறது. அந்தத் தாய் நோவு இல்லையென்று கூறியது முற்றிலும் உண்மையே.

இனி, மருந்துகளைக் காண்போம். இவற்றின் வரலாற்றிலே முற்பகுதி தெற்காசிய மண்ணுக்கு உரியது என்பதை நேயர் பலர் அறிந்திருக்க மாட்டார். சர்ப்பகந்தா என வடமொழியார் வழங்கும் சிறு செடியொன்று உண்டு. சிங்கள மக்கள் அதனை ஏகவெரிய என்பர். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராய் 1880 முதல் 1896 வரை இருந்த ஹென்றி டிரைமன், இலங்கைத் தாவரங்களைப் பற்றி 1893 முதல் வெளியிட்ட நூற்றொகுதியில் இச்செடியையும் சேர்த்திருக்கிறார். அதன் வேரைச் சித்தப்பிரமைக்கும் உறக்கமின்மைக்கும் நாட்டு வைத்தியர் நெடுங்காலமாக வழங்கி வந்தனர். 1931இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர், அவ்வேர் குருதியமுக்கத்தையும் தணிக்கிறது என எழுதினர். மேலைநாட்டார் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1949இல் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜல் வகீல் தமது நோயாளரிடம் கண்ட பயனை பிரித்தானிய இதயநோய்ச் சஞ்சிகையொன்றில் வெளியிட்ட பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலே சீபா நிறுவனத்து இரசாயனவியலார் அவ்வேரிலிருந்து றிசேர்ப்பின் என்ற சாரத்தைப் பிரித்தெடுத்தனர்.

றிசேர்ப்பின் செய்வது யாது? பரிவு நரம்பின் நுனியிலே நொராதிரனலின் என்னும் இரசாயனப் பொருள் சின்னஞ்சிறு பைகளிற் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. மூளையின் கட்டளை வரும்போது அப்பை உடைந்து, பொருள் வெளிவந்து, புன்னாடித் தசையை இறுகச் செய்யும். றிசேர்ப்பின் அப்பைகளை நிரப்பவிடுவதில்லை. கட்டளை வரும், கொடுப்பதற்குச் சரக்கு இராது. தசை தளரும், அமுக்கம் தாழும். ஆயின் அதே பொருட்கள் மூளையிலும் உள்ளனவாதலின், அங்கும் களஞ்சியம் வெறுமையாயிற்று. பெருமளவில் உண்டோருட் சிலரை ஆழ்ந்த மனச்சோர்வு பற்றியது, மூக்கடைப்பும் வந்தது. நல்ல மருந்துகள் பின்னர் வந்தமையால் றிசேர்ப்பின் பின்தள்ளப்பட்டது. எனினும் குருதியமுக்கத்தை மருந்தாற் குறைத்தால் உயிர் பிழைக்கும் என்பதை ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டியதில் அதற்கும் பங்குண்டு. அமெரிக்கப் படைவீரர் வைத்தியசாலைகள் 143 ஆடவரிடையே செய்து 1967இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சாராருக்கு றிசேர்ப்பினும் வேறிரு மருந்துகளும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. மற்றவருக்கு மருந்தற்ற வெறுங்குளிசை. மிகக் கடுமையான அமுக்கமுடையோர் அவர். கடும் விபத்துகள் ஏறக்குறைய யாவும் வெறுங்குளிசை உண்டோரிடமே நேர்ந்தன. அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், 1945 ஏப்பிரலில், அமெரிக்க சனாதிபதி றூஸ்வெல்ற் மூளையிற் குருதி பெருகி இறந்தபோது, அவர்தம் வைத்தியர் கையிலே பயனுள்ள மருந்தொன்றும் இருக்கவில்லை. உலகின் ஆற்றல்மிக்க மனிதருக்கு அன்று கிட்டாதது தெல்தோட்டைத் தாயின் அடுக்களைத் தட்டிலே இன்று கிடக்கிறது.

1958இல் விற்பனைக்கு வந்த குளோரோதயசைட்டும் அதன் இனத்தனவும் சிறுநீரகத்தையே நாடுகின்றன. வடித்த நீரிலிருந்து சோடியத்தை மீட்கும் வாயில்களுள் ஒன்றை அவை அடைத்துவிடுகின்றன. மீளாத உப்பு சிறுநீரோடு செல்லும். நீரும் உடன் செல்லும். மக்கள் இதனை 'மூத்திரக் குளிசை' என்பர். சிறுநீர் அதிகம் போவதெல்லாம் தொடக்க நாட்களிலேயே. சில வாரங்களிற் கொள்ளளவு பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதன்பின்னும் அமுக்கம் தாழ்ந்தே நிற்பதற்குக் காரணம், புன்னாடிகள் தளர்ந்துவிடுவதே. ஆகவே 'இப்போது சிறுநீர் கூடப் போகவில்லை, குளிசை வேலை செய்யவில்லை' என்று எண்ணி விடுதல் தவறு. பொற்றாசியமும் உடன் கழியுமாதலின், இடையிடையே குருதியைச் சோதிக்குமாறு வைத்தியர் கேட்பர்.

இதயத்தை நேரே கட்டுப்படுத்தும் மருந்தினம் இன்னொன்று. அதிரனலின் வந்து பொருந்துவதற்கு இதயத்திலே பூட்டுப்போன்ற வாங்கிகள் உள. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக் 1960களில் ஆக்கிய புரொப்பிரனலோல் அப்பூட்டினுட் புகுந்து, திறவாமலும் வெளியேறாமலும் நின்றுகொள்ளும் போலித் திறவுகோல். உண்மைத் திறவுகோலுக்கு இடமில்லை. இதயம் மெதுவாகவும் மென்மையாகவும் அடிக்கும். இதற்காகவும் வேறு கண்டுபிடிப்புகளுக்காகவும் 1988இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. இவ்வின மருந்தை உண்போர் இரு செய்திகளை மறத்தலாகாது. ஆஸ்மா உள்ளவர் அதனை முன்னதாகவே வைத்தியரிடம் கூறல் வேண்டும். உண்டுவந்த குளிசையைத் திடீரென நிறுத்தவும் கூடாது. அடக்கி வைத்த இதயம் முன்னினும் வேகமாகப் பாயும்.

இலங்கையில் மிகுதியாகப் பயன்படுவனவற்றுள் ஒன்று அம்லோடிபின். தசை சுருங்க வேண்டுமாயின் கல்சியம் அதன் கலங்களுட் செல்ல வேண்டும். அம்லோடிபின் அவ்வாயிலைக் காக்கிறது, கல்சியம் குறைவாகவே செல்கிறது, தசைவளையம் தளர்கிறது. இது குருதியிலே நெடுநேரம் தங்குவது. பாதியளவு கழிவதற்கே 30 முதல் 50 மணித்தியாலம் செல்லும். நாளுக்கு ஒருமுறை உண்டாற் போதுமென்பதும், முழுப் பயனைக் காண ஒரு வாரமளவு பொறுக்க வேண்டுமென்பதும் இதனால் விளங்கும். சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அது சிறுநீரகம் கெட்டமையால் வந்த வீக்கமன்று. உள்வழி அகன்று வெளிவழி அகலாததனால், மயிர்த்துளைக் குழாய்களிலிருந்து நீர் சற்றுக் கசிகிறது, அவ்வளவே. 'குளிசை கிட்னியைத் தின்கிறது' என்று ஊரிலே பரவும் கதைக்கு இவ்வீக்கமும் ஒரு காரணமாகலாம். உண்மையிற் சிறுநீரகத்தைத் தின்பது தணிக்கப்படாத அமுக்கமே.

கடைசியாக வந்த பெருங்கண்டுபிடிப்பு பாம்பின் நஞ்சிலிருந்து பிறந்தது. சிறுநீரகத்துக்குக் குருதி குறைவாக வருவதுபோலத் தோன்றினால், அது றெனின் என்னும் பொருளைச் சுரக்கும். அது ஈரலில் உண்டாகிய ஒரு புரதத்தை வெட்டும். வெட்டுண்ட துண்டை, சுவாசப்பைக் குழாய்களிலே மிகுந்திருக்கும் நொதியம் மறுபடியும் வெட்டி அஞ்சியோதென்சின் இரண்டு என்ற பொருளாக்கும். புன்னாடிகளை இறுக்குவதிலே இதற்கு நிகரானது அரிது. உப்பைத் தேக்கிவைக்குமாறும் அது ஏவும். பிரேசில் நாட்டு ஜராராக்கா என்னும் விரியன் கடித்தவருக்கு அமுக்கம் சரிந்துவிடுவதுண்டு. அந்நாட்டு ஆராய்ச்சியாளர் செர்ஜியோ ஃபெரெய்ரா 1960களில் அந்நஞ்சை ஆராய்ந்து அதிலுள்ள பொருளொன்றைப் பிரித்துக் காட்டினார். அந்த நொதியத்தின் கத்தியை மழுங்கச் செய்வது அப்பொருள் எனத் தெளிந்தபின், அதனைப் பின்பற்றி அமெரிக்காவில் ஸ்குவிப் நிறுவனத்தார் கப்தோப்பிரில் என்ற குளிசையைச் செய்தனர். 1981இல் அது பாவனைக்கு வந்தது. கிளினிக்கிற் கொடுக்கும் எனலப்பிரில் அதன் தம்பி. பாம்பின் பெயர் பெற்ற வேரிலே தொடங்கிய கதை பாம்பின் நஞ்சிலே வந்து நின்றது விந்தையே.

எனலப்பிரில் உண்போருட் சிலருக்கு வறட்டு இருமல் விடாது வரும். அதே நொதியம் அழித்துவந்த மற்றொரு பொருள் அழியாமற் சேர்வதே காரணம். அவர் இருமற்பாணி வாங்கிக் குடித்துப் பயனில்லை; வைத்தியரிடம் கூறினால் லொசாட்டன் முதலிய வேறினக் குளிசையைத் தருவர். அது வெட்டும் கத்தியை விட்டுவிட்டு, அஞ்சியோதென்சின் பொருந்தும் பூட்டை அடைப்பது, இருமல் அரிது. கருவுற்ற பெண்கள் இவ்விரு இனத்தையும் உண்ணலாகாது, சிசுவுக்குக் கேடு. அவர்க்கு உகந்த வேறு மருந்துகள் உள.

இனி அந்தத் தாயின் வினாவுக்கு வரலாம். மேலே கூறிய மருந்துகளுள் எதுவும், அமுக்கம் ஏறுவதற்கு மூலகாரணமாய் உடலிலே ஊன்றியிருக்கும் குறையை அகற்றுவதில்லை. ஒவ்வொன்றும் ஒரு வாயிலிலே காவலாக நிற்கிறது. குளிசை கழிந்ததும் காவல் நீங்கும். உடல் பழைய மட்டத்துக்கே திரும்பும். 128க்கு 80 என்ற கணக்கு நோய் நீங்கியதற்குச் சான்றன்று. குளிசை வேலை செய்துகொண்டிருந்ததற்குச் சான்று. மேலும், காவல் நிற்கும்போதே உடல் வாளாவிருப்பதில்லை. புன்னாடிகளைத் தளர்த்தினால், உயர்ந்த மட்டத்தை இயல்பெனக் கொண்ட உடல் 'அமுக்கம் போதாது' என்று பதைத்துச் சிறுநீரகத்தைக்கொண்டு உப்பைத் தேக்கும். உப்பைக் கழித்தாலோ றெனினைச் சுரந்து புன்னாடிகளை இறுக்கும். ஒரு கதவை அடைத்தால் மறு கதவைத் தேடுவதே அதன் இயல்பு. அதனால்தான் வைத்தியர் இரண்டு அல்லது மூன்று வகைக் குளிசைகளைத் தருவது. 'எனக்கு நோய் முற்றிவிட்டது, ஆகவே மூன்று உறை' என்று அஞ்சுவோர் பலர். ஒரு மருந்தைப் பெரிய அளவிற் கொடுத்து அதன் தீங்குகளையும் பெருக்குவதைவிட, மூன்றைச் சிறிய அளவிற் கொடுத்து மூன்று கதவையும் மெல்ல அடைத்தல் நன்று என்பதே உண்மைக் காரணம்.

இவ்வுண்மைக்கு இலங்கையே உலகுக்குச் சான்று தந்தது. 2016 தொடக்கம் 2017 வரை இலங்கையின் நகர்ப்புற வைத்தியசாலைகளின் கிளினிக்குகளிலே 700 நோயாளரைக்கொண்டு ஓர் ஆய்வு நடைபெற்றது. ஒரு சாராருக்குத் தெல்மிசாட்டன் 20, அம்லோடிபின் 2.5, குளோத்தலிடோன் 12.5 மில்லிகிராம் ஆகிய மூன்றும் அடங்கிய ஒரே குளிசை. மற்றவருக்கு வழமையான சிகிச்சை. மூன்று மருந்தும் வழக்கமான அளவிற் பாதியே. ஆறு மாதத்தின் பின், ஒரே குளிசை உண்டோருள் நூற்றுக்கு 70 பேர் வேண்டிய மட்டத்தை அடைந்தனர். வழமைச் சிகிச்சையில் 55 பேர். மருந்தின் தீங்கால் நிறுத்திக்கொண்டோர் தொகையோ இரு பக்கத்திலும் ஏறத்தாழ ஒன்றே. 2018இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகை இதனை வெளியிட்டது.

குளிசையை நிறுத்துவோர் அனைவரும் தாமாகவே நிறுத்துவதில்லை என்பதையும் கூறியாக வேண்டும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே நாடெங்கும் மருந்து அரிதாயிற்று. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில், முன்னரே நாட்குறித்திருந்த சத்திரசிகிச்சைகள் மருந்துத் தட்டுப்பாட்டால் நிறுத்திவைக்கப்பட்டன. அத்தகைய காலத்திலே இருக்கும் குளிசையைப் பாதியாக உடைத்து உண்பதும், ஒருநாள் விட்டு ஒருநாள் உண்பதும், கணவனுக்கு எழுதியதை மனைவியோடு பங்கிடுவதும் வறியோர் வீட்டிலே நிகழக்கூடியனவே. அதனைக் குற்றமெனல் தகாது. ஆயினும் அவ்வாறு செய்தவர் வைத்தியரிடம் மறையாது உரைத்தல் வேண்டும். மறைத்தால், முழுக் குளிசையும் போதவில்லையென வைத்தியர் எண்ணி அளவைக் கூட்டிவிடுவார்.

இன்னும் ஒன்று. முதுகுவலிக்கும் முழங்கால்வலிக்கும் கடையிலே வாங்கும் டைக்குளோபினக், ஐபுபுறோபன் முதலிய நோவுக் குளிசைகள் சிறுநீரகத்திலே உப்பைத் தேக்குவன. மேலே சொன்ன மருந்துகள் கட்டிய அணையை அவை பின்னாலிருந்து உடைக்கும். அதிமதுரத்தை அளவின்றி நாளும் உண்டாலும் அதே தீங்கு வரும். உப்புத் தங்கும், பொற்றாசியம் போகும். கொழுந்தெடுத்து முதுகு நொந்தவரிடம் நோவுக் குளிசை உண்ணாதீர் என்பது எளிது. பரசிற்றமோல் போன்ற மாற்று எதுவென வைத்தியரைக் கேட்பதே அவருக்கு வழி.

உறையின்மேல் எழுதியிருக்கும் பெயரைப்பற்றியும் சில சொல்ல வேண்டும். 1962இல் பேராதனையில் மருத்துவ பீடம் தொடங்கியது. இந்நாட்டின் முதலாவது மருந்தியற் பேராசிரியரான சேனக்க பிபிலே அங்கே பீடாதிபதியாகவும் விளங்கினார். ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் பல பெயரிட்டுப் பல விலைக்கு விற்பதை அவர் கண்டார். மருந்தை அதன் பொதுப்பெயரால் எழுதுக, உலகெங்கும் விலை கேட்டு மலிந்தவிடத்து நல்லதை வாங்குக என்பது அவர் கொள்கை. டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அவரும் கொடுத்த அறிக்கையின் வழியே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்தது. அதன் முதலாவது தலைவரும் அவரே. 1977இல் கயானா நாட்டிலே அவர் காலமானார். அவர் வகுத்த வழியிலே மற்ற நாடுகள் பலவும் பின்னர் சென்றன.

அதன் பயனாக ஒரு சிறு குழப்பமும் உண்டு. இம்மாதம் ஒரு நாட்டிலிருந்து வந்த குளிசை அடுத்த மாதம் வேறொரு நாட்டிலிருந்து வரலாம். வெள்ளையாயிருந்தது மஞ்சளாகும், வட்டமாயிருந்தது நீளமாகும். "போன மாசம் தந்த வெள்ளைக் குளிசை எங்க தம்பி? இது எனக்கு ஒத்துவராது" என்று மருந்து வழங்கும் யன்னலில் நின்று வாதாடும் தாய்மாரைக் காணலாம். நிறத்தைப் பாராது உறையின்மேல் எழுதிய பெயரையும், அதனருகே எழுதிய மில்லிகிராம் எண்ணையும் சென்ற மாதத்து உறையோடு ஒப்பிட்டுப் பார்த்தாற் போதும். இரண்டும் ஒன்றாயிருந்தால் மருந்தும் ஒன்றே. வாசிக்க இயலாதவர் பழைய உறையை எறிந்துவிடாது கொப்பியினுள்ளே வைத்துக் கொண்டுவந்தால், யன்னலுக்கு உள்ளே நிற்பவர் ஒரு நொடியிலே பார்த்துச் சொல்லிவிடுவார்.